கவர்னருக்கு அடுத்து யார்?

செங்கோட்டைக்காரர்களுக்குக் கவர்னர் என்று ஒருவர் வாய்த்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான். அதுவரைக்கும் எங்கள் தாலுகா திருவிதாங்கூர்ச் சீமை, கொல்லம் மாவட்டம். தாத்தா காலத்துப் பத்திரங்களை விரித்தால் சங்கு முத்திரைதான் கண்ணில் படும். மகாராஜா சித்திரைத் திருநாள் பெயரில் ஆட்சி நடந்தது. அந்த வம்சத்தில் பட்டம் மகனுக்குப் போகாது. மருமக்கத்தாயப்படி சகோதரி மகனுக்குப் போகும். கிழக்கே நாலு ஆறு தாண்டினால் சிங்கம்பட்டி ஜமீன். அங்கே மூத்த மகனுக்குப் பட்டம். முறைகள் வேறு வேறாக இருந்தாலும், இன்னார் கண்ணை மூடினால் அடுத்து இன்னார் என்பது மாடு மேய்க்கிற பையனுக்கும் தெரிந்திருந்தது.

1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானபோது அதே மகாராஜா ராஜப்பிரமுகர் ஆனார். மற்ற மாநிலங்களில் கவர்னர் பார்த்த வேலையை இங்கே அவர் பார்த்தார். பிறகு மொழிவாரி மாநிலங்கள் வந்தன. அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் ராஜப்பிரமுகர் பதவியை ஒழித்தது. செங்கோட்டை திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்தது. சென்னையில் அப்போது கவர்னர் ஸ்ரீபிரகாசா. டிசம்பர் 10-ஆம் தேதி அவர் பம்பாய்க்கு மாறிப்போக, அந்த இடத்துக்கு வந்தவர் ஏ. ஜே. ஜான்.

ஜான் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் புதியவர் அல்ல. 1952 முதல் 1954 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சராக இருந்தவர். தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டதில் அவருடைய அமைச்சரவை கவிழ்ந்தது. எந்த மண்ணுக்கான சண்டையில் முதலமைச்சர் பதவியை இழந்தாரோ, அந்த மண்ணையும் சேர்த்துக்கொண்ட மாநிலத்துக்கே கவர்னராக வந்து அமர்ந்தார். என் தாத்தா இதை அடிக்கடி சொல்வார். "நம்மளப் போகக்கூடாதுன்னு நின்னவரு, நம்ம பின்னாலயே இங்கன வந்து உக்காந்துட்டாவ பாத்தியா" என்பார். சொல்லும்போது அவர் குரலில் கசப்பு இருந்ததில்லை.

ஜான் ஓராண்டுகூட அந்தப் பதவியில் இருக்கவில்லை. 1957 அக்டோபர் 1-ஆம் தேதி, பதவியில் இருக்கும்போதே காலமானார். அன்றைக்குக் கிண்டி மாளிகையில் அவருக்கு அடுத்து உட்கார வேண்டியவர் யார் என்று அரசியல் சட்டத்தைப் புரட்டியிருந்தால் விடை கிடைத்திருக்காது. இன்றைக்குப் புரட்டினாலும் கிடைக்காது.

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகள். அங்கே தேர்தல் நேரம். கவர்னருக்கும் துணைக் கவர்னருக்கும் ஒரே சீட்டில் ஓட்டுப் போடுவதைப் பற்றிப் போனில் சொல்லிக்கொண்டிருந்தவள், "மாமா, நம்ம ஊர்ல கவர்னர் இல்லேன்னா அடுத்து யாரு?" என்றாள். வருவாய்த் துறையில் காலம் கழித்தவன் நான். பதவி, பொறுப்பு, ஒப்படைப்பு என்பதெல்லாம் என் அன்றாடப் பாடு. அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியும் என்று நினைத்துத்தான் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். ஒரு வரியில் முடிகிற காரியமாக அது இல்லை.

153-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் ஆளுநர் இருக்க வேண்டும் என்கிறது. 155 அவரைக் குடியரசுத் தலைவர் தம் கையொப்பமும் முத்திரையும் இட்ட ஆணையால் நியமிப்பதைச் சொல்கிறது. 157-இன்படி இந்தியக் குடிமகனாக, 35 வயது நிறைந்தவராக இருந்தால் போதும். 156 பதவிக்காலத்தைப் பற்றியது. குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை பதவி. அதற்கு உட்பட்டு 5 ஆண்டு. 5 ஆண்டு முடிந்தாலும் அடுத்தவர் வந்து பொறுப்பேற்கும் வரை இவரே தொடர்வார். ஆக, காலம் முடிந்து நாற்காலி காலியாகாது. ஆனால் இறந்துவிட்டால்? விலகிவிட்டால்? நீக்கிவிட்டால்? அதற்கென்று இருப்பது 160-ஆம் பிரிவு ஒன்றே. இந்த அத்தியாயத்தில் வழி சொல்லப்படாத எந்த நிலைமையிலும், ஆளுநரின் கடமைகளை நிறைவேற்றக் குடியரசுத் தலைவர் தமக்குத் தகுந்ததாகத் தோன்றும் ஏற்பாட்டைச் செய்யலாம் என்பது அதன் சாரம். யாரைக் கொண்டு செய்யலாம், எத்தனை நாளுக்குச் செய்யலாம் என்று ஒரு சொல் கிடையாது.

துணை ஆளுநர் என்று ஒருவர் எந்த மாநிலத்திலும் இல்லை. யூனியன் பிரதேசங்களில் இருக்கும் துணைநிலை ஆளுநர் என்பது வேறு பதவி. அவர் எந்த ஆளுநருக்கும் துணை அல்ல.

மற்றப் பதவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இந்த வெற்றிடத்தின் அளவு விளங்கும். குடியரசுத் தலைவர் மறைந்தால் துணைத் தலைவர் வருவார். புதியவரை 6 மாதத்துக்குள் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று 62-ஆம் பிரிவு கெடு வைக்கிறது. பதவிக்காலம் முடிவதால் ஏற்படும் காலியிடம் என்றால், முடிவதற்கு முன்பே தேர்தல் நடந்துவிட வேண்டும். 1969 மே 3-ஆம் தேதி ஜாகிர் உசேன் காலமானார். துணைத் தலைவர் வி. வி. கிரி பொறுப்பேற்றார். அவரும் விலகினால் யார் என்ற கேள்வி உடனே எழுந்தது. அந்த மே மாதம் முடிவதற்குள் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றி, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, அவரும் இல்லாவிட்டால் மூத்த நீதிபதி என்று வரிசையை எழுதி வைத்தது. ஜூலையில் கிரி குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதற்காக விலகினார். தலைமை நீதிபதி இதாயத்துல்லா அந்தச் சட்டத்தின்படி பொறுப்பேற்றார். நாட்டுக்கு ஒரு நாள்கூடக் குழப்பம் இல்லை. டெல்லியில் ஒரு நாற்காலிக்கு ஒரே மாதத்தில் செய்ய முடிந்ததை, மாநிலத் தலைநகரங்களில் இருக்கும் நாற்காலிகளுக்கு முக்கால் நூற்றாண்டாகச் செய்யவில்லை. இதை நான் கவனக்குறைவு என்று நினைக்கவில்லை. கையில் இருக்கும் வசதியை விட யாருக்கும் மனம் வரவில்லை.

1957-இல் என்ன செய்தார்கள்? சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி. வி. ராஜமன்னாரைத் தற்காலிக ஆளுநர் ஆக்கினார்கள். 1958 ஜனவரியில் விஷ்ணுராம் மேதி வரும்வரை அவர் இருந்தார். 1964 நவம்பரில் ஆளுநர் ஜெயச்சாமராஜ உடையாரின் இடத்தில் தலைமை நீதிபதி பி. சந்திரா ரெட்டி அமர்ந்தார். 1965 தொடக்கத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடு தீப்பிடித்து எரிந்த நாட்களில் ஆளுநர் கடமையைச் செய்துகொண்டிருந்தவர் அந்த நீதிபதிதான். 1977-இல் பி. கோவிந்தன் நாயர். 1980 அக்டோபரில் பிரபுதாஸ் பட்வாரி நீக்கப்பட்டபோது எம். எம். இஸ்மாயில். கம்பனில் ஊறிய அந்த நீதிபதி சில நாட்கள் மட்டும் அந்த மாளிகைப் பொறுப்பைப் பார்த்துவிட்டு, சாதிக் அலியிடம் கொடுத்துவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினார்.

எழுதாத சட்டமாக ஒரு வழக்கம் உருவாகியிருந்தது என்பது இந்தப் பெயர்களிலிருந்து தெரிகிறது. கவர்னர் இல்லையென்றால் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி. அவர் அதே ஊரில் இருப்பவர். கட்சிக்காரர் அல்ல. அரசியல் சட்டத்தைக் காப்பேன் என்று முன்பே உறுதிமொழி எடுத்தவர். 159-ஆம் பிரிவின்படி ஆளுநருக்கு உறுதிமொழி செய்துவைப்பவரும் அவரே.

அந்த வழக்கம் பிறகு தேய்ந்தது. 1996 டிசம்பர் 2-ஆம் தேதி ஆளுநர் சென்னா ரெட்டி காலமானார். இந்த முறை அழைக்கப்பட்டவர் ஆந்திர ஆளுநர் கிருஷ்ண காந்த், கூடுதல் பொறுப்பு. அடுத்த மாதமே நீதிபதி பாத்திமா பீவி வந்துவிட்டதால் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. 2001 ஜூன் 30-ஆம் தேதி கருணாநிதி கைதான விவகாரத்தில், பாத்திமா பீவியைத் திரும்பப் பெறும்படி மத்திய அமைச்சரவை பரிந்துரைக்க, அவர் விலகினார். மறுபடியும் ஆந்திர ஆளுநர், இப்போது சி. ரங்கராஜன். இந்தக் கூடுதல் பொறுப்பு 2002 ஜனவரி வரை, ஏறத்தாழ அரை ஆண்டு நீண்டது. அதற்கு நடுவில்தான் 2001 செப்டம்பர் 21-ஆம் தேதி, ஜெயலலிதா முதலமைச்சராக நியமிக்கப்பட்டது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அன்று இரவே ஓ. பன்னீர்செல்வத்துக்குப் பதவிப்பிரமாணம்.

பிறகு 2016. இதைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச வேண்டும்.

ஆளுநர் ரோசய்யா 2011 ஆகஸ்ட் 31-ஆம் தேதி பதவியேற்றவர். அவருடைய 5 ஆண்டு என்றைக்கு முடியும் என்பது அவர் பதவியேற்ற அன்றே தெரியும். அந்த நாள் வந்தபோது தமிழ்நாட்டுக்கு என்று ஓர் ஆளுநர் தேடப்பட்டிருக்கவில்லை. மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தார்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி அவர் பொறுப்பேற்றார். 20 நாளில் முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்ந்தார். அக்டோபரில் அவருடைய இலாகாக்கள் பன்னீர்செல்வத்துக்கு மாற்றப்பட்டன. டிசம்பர் 5-ஆம் தேதி அவர் காலமானார். அந்த நள்ளிரவு கடந்த நேரத்தில் பன்னீர்செல்வம் மூன்றாம் முறையாக முதலமைச்சர் ஆனார். அவர் முதலமைச்சரான மூன்று முறையில் இரண்டு முறை பதவிப்பிரமாணம் செய்துவைத்தவர், இன்னொரு மாநிலத்தின் ஆளுநராக இருந்துகொண்டே இதையும் பார்த்தவர்.

2017 பிப்ரவரி 5-ஆம் தேதி பன்னீர்செல்வம் விலகல் கடிதம் கொடுத்தார். அதே நாளில் சசிகலா சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்வானார். 7-ஆம் தேதி இரவு மெரினாவில் பன்னீர்செல்வம் கண்ணை மூடி உட்கார்ந்தார். கூவத்தூர் விடுதியில் சட்டமன்ற உறுப்பினர்கள். தமிழ்நாட்டுக்கு முதலமைச்சர் யார் என்று சொல்ல வேண்டிய மனிதர் சென்னையில் இல்லை. அவர் வந்து இறங்கியது 9-ஆம் தேதி.

அந்த நாட்களில் தென்காசியில் டீக்கடை, பஸ் ஸ்டாண்ட், தாலுகா ஆபீஸ் வராந்தா என்று எங்கே போனாலும் ஒரே பேச்சு. என்னைத் தெரிந்த ஒரு பழக்கடைக்காரர் மறித்து நிறுத்திக் கேட்டார்: "அண்ணாச்சி, நீங்க கவர்மெண்டு ஆளு. கவர்னரு வராம இப்படியே கெடந்தா யாரு கேக்கது? அங்கன இருந்துக்கிட்டு இங்கன எப்படிப் பாப்பாவ?" சட்டத்தில் இடம் இருக்கிறது என்று சொன்னேன். "சட்டத்துல இருக்கலாம். நமக்குன்னு ஒருத்தர் இருக்கணுமா வேண்டாமா?" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி.

ஆளுநர் தாமதித்ததற்கு நியாயமான காரணம் இருந்திருக்கலாம். சசிகலா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் தீர்ப்பு வரவிருந்தது. 14-ஆம் தேதி வந்தது. 16-ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி பதவியேற்றார். தீர்ப்புக்காகக் காத்திருந்தது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அவர் யோசித்துக் காத்திருந்தாரா, இன்னொரு மாநிலத்து வேலையில் இருந்ததால் வர முடியவில்லையா என்று குடிமக்களாகிய எங்களால் பிரித்தறிய முடியவில்லை. இரட்டைப் பொறுப்பின் பெரிய கேடு இதுதான். முடிவின் பின்னால் இருக்கும் காரணத்தை அது மறைத்துவிடுகிறது. சென்னையிலேயே வசிக்கும் ஓர் ஆளுநர் நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், அவர் யோசிக்கிறார் என்றாவது தெரியும்.

அந்தக் கூடுதல் பொறுப்பு 2017 அக்டோபரில் பன்வாரிலால் புரோகித் வரும்வரை நீடித்தது. 13 மாதம். ஒரு முதலமைச்சரின் மரணம், இரண்டு பதவியேற்பு, ஒரு நம்பிக்கை வாக்கெடுப்பு, 18 உறுப்பினர்களின் தகுதி நீக்கம், எல்லாம் இந்த 13 மாதத்துக்குள்.

கூடுதல் பொறுப்பு என்பதை நான் கோப்பில் மட்டும் பார்த்தவன் அல்ல. எங்கள் துறையில் 'முழுக் கூடுதல் பொறுப்பு' என்று ஆணை வரும். ஒரு வி.ஏ.ஓ. தம் ஊரோடு பக்கத்து ஊரையும் பார்ப்பார். பட்டா மாறுதலுக்கு வந்த கிழவி, அவர் இன்றைக்கு எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்று விசாரித்து நடப்பாள். சாதாரண நாட்களில் இப்படிச் சமாளித்துவிடலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி வந்தபோது சமாளிக்க முடிந்ததா? மழை இரண்டு ஊரிலும் ஒரே நாளில்தான் பெய்யும். எந்த ஊர்க் கரையில் முதலில் நிற்பது என்று அந்த மனிதர் என்ன செய்வார்? இதில் அவர்மேல் குறை இல்லை. ஆள் போடாமல் ஆணை மட்டும் போட்டவர்கள்மேல்தான் குறை. தாலுகாவில் இப்படி நடந்தால் ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொல்வார்கள். நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டில், மாநிலத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் 28 பேரைத் தேட முடியவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்த வழக்கம் ஒரு கட்சியோடு நிற்கவில்லை. நாளுக்கு நாள் பெருகவும் செய்கிறது. 2024 மார்ச்சில் தமிழிசை சௌந்தரராஜன் தேர்தலில் நிற்பதற்காகத் தெலங்கானா ஆளுநர் பதவியிலிருந்தும், கூடுதல் பொறுப்பாகப் பார்த்துவந்த புதுச்சேரியிலிருந்தும் விலகினார். ஜார்க்கண்ட் ஆளுநர் சி. பி. ராதாகிருஷ்ணனிடம் அந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு மனிதருக்கு மூன்று மாளிகை. 2025 ஆகஸ்ட் 15-ஆம் தேதி நாகாலாந்து ஆளுநர் இல. கணேசன் காலமானார். பொறுப்பு மணிப்பூர் ஆளுநர் அஜய் குமார் பல்லாவுக்குப் போனது. அப்போது மணிப்பூரில் குடியரசுத் தலைவர் ஆட்சி. முதலமைச்சரே இல்லாமல் மாநிலத்தையே நேரடியாகச் சுமந்துகொண்டிருந்தவர் அவர். அடுத்த மாதம், அதற்குள் மகாராஷ்டிர ஆளுநராகியிருந்த ராதாகிருஷ்ணன் குடியரசுத் துணைத் தலைவர் ஆகிவிட, அவர் விட்டுச் சென்ற மகாராஷ்டிரத்தைக் குஜராத் ஆளுநர் ஆச்சார்ய தேவ்ரத் கூடுதலாக ஏற்றார். தேவ்ரத் குஜராத்தில் பதவியேற்றது 2019 ஜூலை. அதாவது தம்முடைய 5 ஆண்டு முடிந்து, அடுத்தவர் வராததால் தொடர்ந்துகொண்டிருந்தவர். அவரிடமே இன்னொரு மாநிலமும் கொடுக்கப்பட்டது. 156-இன் விதிவிலக்கும் 160-இன் மௌனமும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன.

ஒருவரையே பல மாநிலங்களுக்கு ஆளுநராக நியமிக்கலாம் என்ற வாசகம் 153-ஆம் பிரிவில் முதலில் கிடையாது. அதைச் சேர்த்தது ஏழாவது திருத்தம். செங்கோட்டையைத் திருநெல்வேலியோடு சேர்த்துவைத்த அதே 1956-ஆம் ஆண்டு ஏற்பாட்டின் பகுதிதான் இதுவும். சம்பளத்தை அந்த மாநிலங்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பதுவரை 158-இல் எழுதி வைத்திருக்கிறார்கள். பங்குக் கணக்குக்கு இருந்த அக்கறை காலக்கெடுவுக்கு இல்லை.

அக்கா மகள் இருக்கும் நியூ ஜெர்சியில் துணைக் கவர்னர் பதவி வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. நெடுங்காலம் அங்கேயும் அந்தப் பதவி இல்லை. கவர்னர் போய்விட்டால் செனட் தலைவர் தம் பதவியை விடாமலே கவர்னர் வேலையையும் பார்ப்பார். 2001 ஜனவரி இறுதியில் கவர்னர் கிறிஸ்டின் டாட் விட்மன் மத்திய அரசுப் பதவிக்குப் போனார். செனட் தலைவர் டிஃபிரான்செஸ்கோ ஏறக்குறைய ஓராண்டு இரண்டையும் பார்த்தார். சட்டம் இயற்றும் அவையின் தலைவரும் அந்தச் சட்டத்தில் கையெழுத்திடுபவரும் ஒரே ஆள். 2002 ஜனவரி 8-ஆம் தேதி அவருடைய செனட் காலம் முடிந்தது. புதிய கவர்னர் வருவது 15-ஆம் தேதி. நடுவில் ஒரு வாரம். புதிய செனட்டில் இரு கட்சிக்கும் சரிபாதி இடம் என்பதால் தலைவர்களும் இருவர். முதலில் அட்டர்னி ஜெனரல் ஒன்றரை மணி நேரம் கவர்னராக இருந்தார். பிறகு ஒரு கட்சித் தலைவர் சில நாள், மற்றக் கட்சித் தலைவர் சில நாள். 2004 நவம்பரில் கவர்னர் மெக்ரீவி விலகியபோது மறுபடி ஒரு செனட் தலைவர் இரண்டு பதவியையும் 14 மாதம் சுமந்தார். அதோடு மக்களுக்குப் போதும் என்று ஆகிவிட்டது. 2005 நவம்பரில் வாக்கெடுப்பு வைத்து, துணைக் கவர்னர் பதவியை அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். 2010 ஜனவரியில் முதல் துணைக் கவர்னர் கிம் குவாடாக்னோ பொறுப்பேற்றார்.

அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அங்கே கவர்னர் மக்கள் ஓட்டில் வருகிறவர். முதலமைச்சரின் அதிகாரம் அவருடையது. நம் அரசியல் நிர்ணய சபையும் ஆளுநரைத் தேர்ந்தெடுப்பதா நியமிப்பதா என்று யோசித்து, 1949-இல் நியமனம் என்று முடிவு செய்தது. ஓட்டு வாங்கிய முதலமைச்சருக்கு எதிரே ஓட்டு வாங்கிய இன்னொருவர் நின்றால் மோதல் வரும் என்ற அச்சம் நியாயமானது. நியமன ஆளுநருக்கு ஒரு துணை ஆளுநரையும் நியமித்தால் இன்னொரு மாளிகைச் செலவுதான் மிஞ்சும். நியூ ஜெர்சியிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் நடந்துகொண்ட விதம். விதியில் ஓட்டை இருப்பதைக் கண்ணால் கண்டார்கள், அடைத்தார்கள்.

ராஜமன்னாரை மறுபடி நினைக்கிறேன். 1957-இல் அந்த நாற்காலியில் இருந்த அவரிடம்தான் 1969-இல் தமிழ்நாடு அரசு மத்திய-மாநில உறவுகளை ஆராயும் பொறுப்பைக் கொடுத்தது. குழுவில் அவரைத் தவிர இருவர்: லட்சுமணசாமி முதலியார், பி. சந்திரா ரெட்டி. மூவரில் இருவர், நெருக்கடி நேரத்தில் ஆளுநர் கடமையைச் செய்து பார்த்தவர்கள். கவர்னர் பதவியின் உள்ளும் புறமும் அறிந்த அவர்கள், மாநில அமைச்சரவையைக் கலந்தே ஆளுநரை நியமிக்க வேண்டும், ஒருவரே இரண்டாம் முறை அந்தப் பதவிக்கு வரக்கூடாது என்று 1971-இல் எழுதிக் கொடுத்தார்கள். மாநிலக் கட்சியின் குரல் என்று டெல்லி அதை ஒதுக்கிவிட்டது. பிறகு மத்திய அரசே அமைத்த சர்க்காரியா கமிஷன் 1988-இல், முதலமைச்சரைக் கலந்து நியமிக்க வேண்டும், வெளிமாநிலத்தவராக, உள்ளூர் அரசியலில் ஒட்டாதவராக இருக்க வேண்டும் என்றது. 2010-இல் பூஞ்சி கமிஷன் ஆளுநருக்கு உறுதியான 5 ஆண்டு வேண்டும் என்றது. அதே ஆண்டில் பி. பி. சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆளுநரைக் காரணமில்லாமல் மனம்போன போக்கில் நீக்க முடியாது, மத்திய அரசுக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது என்பது காரணம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. எப்படி வர வேண்டும், எப்படி நீக்கலாம் என்பதெல்லாம் இவ்வளவு பேசப்பட்டிருக்கிறது. நடுவில் காலியாகக் கிடக்கும் நாட்களைப் பற்றித்தான் பேச்சே குறைவு.

அந்தப் பதவியின் கனம் தெரிந்தால் அந்த நாட்களை லேசாக விட மாட்டோம். 1994-இல், கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ். ஆர். பொம்மை தொடுத்த வழக்கில், பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும், கவர்னர் தம் அறையில் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒன்பது நீதிபதிகள் கொண்ட அந்த அமர்வில் எங்கள் ஜில்லாக்காரர் ஒருவர் இருந்தார்: தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூரில் பிறந்த எஸ். ரத்தினவேல் பாண்டியன். நாறும்பூநாதர் கோயிலும் மரம் கொள்ளாத பறவைகளும் உள்ள அந்த ஊருக்கு எப்போது போனாலும் அந்தத் தீர்ப்பு எனக்கு நினைவு வரும். கவர்னரின் அறிக்கை ஓர் அரசையே கவிழ்க்க வல்லது என்பதால்தான் அதற்கு அத்தனை பெரிய அமர்வு தேவைப்பட்டது. அப்படிப்பட்ட அறிக்கையை எழுதுகிற கை யாருடையது என்பது ஒரு நாளுக்குக்கூட நிச்சயமில்லாமல் இருக்கலாமா?

நான் கேட்பது பழைய வழக்கத்தை எழுத்தில் கொண்டுவருவது. ஆளுநர் இறந்தால், விலகினால், நீக்கப்பட்டால், புதியவர் பொறுப்பேற்கும் வரை அந்த மாநில உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி கடமையைச் செய்வார் என்று நிலையான ஆணை ஒன்று வேண்டும். இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. 160-ஆம் பிரிவே அந்த அதிகாரத்தைத் தருகிறது. காலியிடம் வரும்போதெல்லாம் தனித்தனி ஆணை போடுவதற்குப் பதில், எல்லாக் காலியிடத்துக்கும் முன்கூட்டியே ஓர் ஆணை. எத்தனை நாள் என்பதற்குத்தான் திருத்தம் வேண்டும். குடியரசுத் தலைவர் பதவிக்கு 62-இல் இருப்பதைப்போல 156-லும் சேர்க்க வேண்டும்: காலம் முடிவதால் வரும் காலியிடத்துக்கு அதற்கு முன்பே நியமனம், மற்றவற்றுக்கு 3 மாதம். 5 ஆண்டு முடிந்தவர் தொடர்வதற்கும் அதே 3 மாதம்.

நீதிபதியை அரசியல் சூட்டுக்குள் இழுக்கலாமா என்று வக்கீல் நண்பர் ஒருவர் மறுத்தார். அது வலுவான மறுப்பு. நீதித்துறையும் நிர்வாகமும் பிரிந்திருக்க வேண்டும் என்பது 50-ஆம் பிரிவின் நெறி. ஆளுநராக எடுத்த முடிவு நாளைக்கு அவருடைய நீதிமன்றத்துக்கே வழக்காக வரலாம். வந்தால் அவர் விலகி நிற்க, வேறு அமர்வு விசாரிக்கும். அப்படி விலகி நிற்பது நீதிமன்றங்களில் பழகிய முறை. கெடு வைத்துவிட்டால் இந்தச் சங்கடமும் சில வாரத்தோடு தீரும். இன்னொரு பக்கத்தையும் அவரிடம் சொன்னேன். இப்போதெல்லாம் தலைமை நீதிபதிகள் பெரும்பாலும் வேறு மாநிலத்திலிருந்து வருகிறவர்கள். உள்ளூர்க் கட்சி அரசியலில் வேர் இல்லாதவர் வேண்டும் என்று சர்க்காரியா கேட்டது இவர்களிடம் இயல்பாகவே இருக்கிறது. பக்கத்து மாநில ஆளுநரிடம் கொடுத்தால் அந்த விலகலும் கிடைக்காது, அவர் ஊரிலும் இருக்க மாட்டார்.

நண்பர் விடவில்லை. "குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அசாம், நாகாலாந்து, மிசோரம், அருணாசலம் நாலுக்கும் சேர்த்து ஒன்று. அங்கே இரண்டு மாநிலத்தில் ஒரே நேரத்தில் காலியானால்?" என்றார். அப்படியானால் ஒன்றுக்குத் தலைமை நீதிபதி, மற்றதற்கு அவருக்கு அடுத்த மூத்த நீதிபதி என்று ஆணையிலேயே எழுதிவிடலாம். "தலைமை நீதிபதி பதவியே காலியாக இருந்தால்?" என்பது அவருடைய கடைசிக் கேள்வி. 223-ஆம் பிரிவைக் காட்டினேன். தலைமை நீதிபதி இடம் காலியானாலும், அவர் வர முடியாமல் போனாலும், அதே நீதிமன்றத்து நீதிபதிகளில் ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமித்து அந்தக் கடமையைச் செய்ய வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வெளி நீதிமன்றத்து ஆளுக்கு அதில் இடமே இல்லை.